பொருத்தமான மாற்று

காலிஃப்ளவர் கேட்டிருந்தேன், இரண்டு பூ.
வந்திருப்பது உருளைக்கிழங்கு மசியல்,
உறைந்தது, ஒரு கிலோ.
ரசீதின் ஓரத்தில் எறும்பு எழுத்தில்:
'கேட்டது கையிருப்பில் இல்லை. பொருத்தமான மாற்று.'

தொண்ணூற்று நான்கு நாளாக
நான் ரொட்டியைத் தொடவில்லை.
நர்ஸ் மெரெரிட் என் விரல் நுனியைக் குத்தி
எண்ணைப் பார்த்துவிட்டு
பேனாவைக் கீழே வைத்தாளே, அன்றிலிருந்து.
ஒரு நாளைக்கு இருபது கிராம் மாவுச்சத்து.
இருபது கிராம் எவ்வளவு சின்னது என்று
சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது.
பாதி வெங்காயமே ஐந்தைத் தின்றுவிடும்.
இருமல் மருந்தைக்கூட
கண்ணாடி போட்டு, லேபிள் படித்துத்தான் விழுங்குகிறேன்.
முட்டை, வெண்ணெய், கானாங்கெளுத்தி.
மறுபடி முட்டை.

போன் செய்தேன்.
முப்பத்தெட்டு நிமிடம் ஒரே பியானோ.
நடுநடுவே ஒரு பெண்குரல்
நான் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொன்னது.
என் கல்யாணத்தன்றுகூட
யாரும் இத்தனை தடவை சொன்னதில்லை.
முப்பத்தொன்பதாவது நிமிடம்
லைன் அறுந்தது.

ஸ்வான்சி மழையில் பஸ் பிடித்தேன்,
மசியலை மடியில் வைத்துக்கொண்டு.

'வாடிக்கையாளர் சேவை' என்று பலகை.
அதன் கீழே லாட்டரிச் சீட்டு, சிகரெட்,
யாரோ திருப்பிக் கொடுத்த டோஸ்டர்,
அதற்கும் பின்னால் ஒரு பையன்.
சட்டையில் அட்டை: 'நான் மேடாக். கேளுங்கள்!'
கேட்டேன்.
பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ரெண்டும் வெள்ளைதானே" என்றான்.

வெளுத்ததெல்லாம் பால் என்று
எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் இவனுக்கு?

போன வாரம், இனிப்பில்லாத தயிருக்குப் பதில்
பீச் பழத் தயிர்.
அதற்கு முந்தின வாரம், பாதாம் மாவுக்குப் பதில்
பாதாம் கேக், மேலே ஐசிங்.
எல்லாவற்றையும் சொன்னேன், தேதியோடு.
பின்னால் வரிசை வாழைப்பழப் பகுதிவரை போய்விட்டது.
யாரோ தொண்டையைச் செருமினார்.
"நாங்க இல்லை, கம்ப்யூட்டர்தான் தேர்ந்தெடுக்குது."
"அதைக் கூப்பிடு, பேசிக்கொள்கிறேன்."
அவன் சிரிக்கவில்லை.
நான் சிரிப்பதற்காகச் சொல்லவும் இல்லை.

உறைந்த பொருளைத் திரும்ப வாங்க விதி இல்லையாம்.
மசியலை நானே வைத்துக்கொள்ளலாம், இலவசம்.
சிரமத்துக்கு வருந்தி ஐந்து பவுண்டு கூப்பன்.
திருப்பிப் பார்த்தேன்:
'பேக்கரிப் பிரிவில் மட்டும் செல்லும்.'

திட்ட வாயைத் திறந்தபோதுதான்
அவன் கட்டைவிரலில் சர்க்கரையைக் கண்டேன்.
மேசைக்கடியில், டிஷ்யூ மேல்,
பாதி கடித்த டோனட்.
விடிகாலையிலிருந்து நிற்கிறான் போல,
எடையைக் கால் மாற்றிக் கால் மாற்றி.
வாசம் வந்தது.
பொரிந்த மாவு, ராஸ்பெரி ஜாம்.
சொல்ல வைத்திருந்த அடுத்த புகார்
என்னவென்றே மறந்துபோயிற்று.
கூப்பனை மடித்துப் பைக்குள் போட்டேன்.
கிழிக்கவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

அவ்வளவு நேரம் நின்றதில்
வலது முழங்கால் பந்தாக வீங்கிவிட்டது.
மசியலை உறைபெட்டியில் வைத்து, இராத்திரி எடுத்து,
துணியில் சுற்றி முட்டிமேல் வைத்தேன்.
பிரமாதம்.
ஐஸ்கட்டிபோலக் குத்துவதில்லை,
கொஞ்ச நேரத்தில் காலின் வளைவுக்கு இணங்கிவிடுகிறது.
இப்போது தினமும் அதுதான்.
ஒரு கிலோவும் அப்படியே இருக்கிறது,
ஒரு கிராமும் கணக்கில் ஏறாமல்.

பத்து வேலைநாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம்.
'அன்புள்ள திரு. பியூ அவர்களே,
தங்கள் கருத்தைப் பெரிதும் மதிக்கிறோம்.'
திரு. பியூ நான்கு வருடமாக
மேட்டுக் கல்லறையில் இருக்கிறார்.
வெந்தது வேகாதது எது வைத்தாலும்
ஒரு வார்த்தை குறை சொல்லாத மனிதர்.
புகார் எழுதியவள் நெரிஸ் பியூ.
கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

கேட்டது கையிருப்பில் இல்லை போலிருக்கிறது.

கடிதத்தை அவர் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன்,
வந்தது அவருக்குத்தானே.
பிறகு இந்த வாரத்துக்கான பட்டியலை எழுத உட்கார்ந்தேன்:
காலிஃப்ளவர், இரண்டு பூ.