நான்காம் சேனல்

காலரில் மைக் குத்தும்போது
எல்லோரும் மேலே பார்ப்பார்கள்,
பல் டாக்டர் நாற்காலியில் போல.
பதினோரு வருடமாக எனக்குத் தெரிந்த தலைவர்கள்
தாடைகளும் தொண்டைக்குழிகளும்தான்.

டர்பன், கடற்கரை ஓட்டல், இரண்டாம் மாடி அரங்கு.
'நாளைய தலைமை' என்று பேனர்.
போன வாரம் இதே கம்பியில்
ஒரு கல்யாணப் பெண்ணின் பெயர் தொங்கியது.
டேப்பின் பசை இன்னும் போகவில்லை.

முதலில் பேசியவர் கிளிமஞ்சாரோ ஏறியவர்.
மலை சின்னதாகத் தெரிந்தது,
அவர் பூட்ஸ் பெரிதாக.
அடுத்து ஒரு வங்கிக்காரி.
"தோல்வியை நேசியுங்கள்" என்றாள்.
முன்வரிசை மேலாளர்கள் எழுதிக்கொண்டார்கள்.
பின்வரிசையில் ஒரு குரல்:
"என் தோல்வியைச் சம்பளத்தில் பிடிப்பார்களே, அதையுமா?"
எனக்கு மட்டும் கேட்டது.
கேள்வி நேரத்து மைக்கை யாரோ திறந்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவது, தனபாலன் மூட்லி.
போஸ்டரில் கைகட்டி நிற்பவர்.
சாட்ஸ்வர்த்தில் பிறந்து
ஜொஹன்னஸ்பர்க்கில் கம்பெனி வைத்து
இப்போது மணிக்கணக்கில் ஊக்கம் விற்பவர்.
"தங்கச்சி, தமிழா?" என்றார், தாடையை உயர்த்தியபடி.
ஆமாம் என்றேன்.
அதற்கு மேல் அவரிடம் தமிழ் இருப்பு இல்லை.
சிரித்தார்.

மேடைக்குப் பத்து நிமிடம் இருக்கக்
கழிப்பறைக்குப் போனார்,
இடுப்புப் பெட்டியை அணைக்காமல்.

என் காதில் குழாய் ஓடியது.
செருமினார்.
சிரிப்பை ஒத்திகை பார்த்தார்:
ஒருமுறை பெரிதாக, ஒருமுறை அடக்கமாக.
மூன்றாவது சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.
பிறகு போன்.
"வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தந்துவிடுவேன்.
பதினேழு பேர் என்று எனக்குத் தெரியாதா?
இன்றைக்குப் பேசினால் காசு வரும்.
முதலில் அவர்களுக்கு.
வீட்டுக்கு இல்லை, அழாதே,
வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."
பிறகு வாந்தி.
பிறகு மறுபடி குழாய்.

விளக்குப் பலகையிலிருந்து நொம்பூசோ கேட்டாள்,
"முகம் ஏன் இப்படி? என்ன கேட்கிறது?"
"தண்ணீர்" என்றேன்.

பதிவுக் கருவியில் சிவப்புப் பொட்டு.
எல்லாவற்றையும் பதியச் சொல்லியிருக்கிறார்கள்.
இரண்டு நிமிடம் நாற்பது நொடியை
வெட்டி எறிந்தேன்.
கேட்டால், இருக்கவே இருக்கிறது கேபிள்,
பழி சுமக்க.

"நண்பர்களே, தலைவனுக்குப் பயம் கிடையாது"
என்று ஆரம்பித்தார்.
கைதட்டல் கூரையில் முட்டியது.
சட்டையும் மைக்கும் உரசும் இடத்தில்
ஜூலைப் பந்தயக் குதிரைகள் ஓடின.
அடித்தொனியைக் கொஞ்சம் திருகிக் குறைத்தேன்.
அரங்குக்கு வெறும் குரல் போனது, கம்பீரமாக.

பதினெட்டாம் நிமிடம் கரண்ட் போனது.
அட்டவணையில் இல்லாத லோட்ஷெட்டிங்.
ஜெனரேட்டர் இருமுகிறது, எழவில்லை.
ஒலிபெருக்கிகள் ஊமை.
என் பலகை மட்டும் பேட்டரியில் உயிரோடு.
எங்கோ ஒரு கோப்பை விழுந்து உடைந்தது.
முன்வரிசை, போன் வெளிச்சத்தில் தன் முகத்தைத் தேடியது.

அப்போது நான்காம் சேனலில்,
மேடைக்குரல் இல்லாமல்,
சாட்ஸ்வர்த் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன் பேசுவது போல:
"ஓரமாக டிரே வைத்துக்கொண்டு நிற்கிறீர்களே,
நீங்கள்தான், டீ கொண்டுவந்தவர்கள்,
கீழே வைத்துவிட்டு உட்காருங்கள்.
காலியாக நாற்காலி இருக்கிறது.
கண்ணாடியை யாரும் மிதிக்க வேண்டாம்."

நாற்காலிகள் நகரும் சத்தம்.
ஐந்தா, ஆறா, எண்ண முடியவில்லை.
அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
இருட்டு.

வெளிச்சம் வந்தது.
ஏழாவது ஸ்லைடுக்குத் திரும்பினார்:
கழுகு, மேகம், மூன்று அம்புக்குறி.
பரிமாறுகிறவர்கள் அவசரமாக எழுந்து
கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள்.

இறங்கி வந்து மைக்கைக் கழற்றிக் கொடுத்தார்.
வியர்வையில் வழுக்கியது.
"நன்றாக இருந்ததா?"
"இருட்டில் நன்றாக இருந்தது" என்றேன்.
பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.
பச்சை. எப்போதும் பச்சையாகவே இருந்த பச்சை.
என்னைப் பார்த்தார்.
நான் கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன்,
முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே,
அப்படிச் சுற்றக் கூடாது என்று தெரிந்தும்.

இப்போதெல்லாம் யாராவது
வெள்ளிக்கிழமை என்றாலே
எனக்குக் குழாய் ஓடுகிறது.