நூறு எம்.பி.

ஸ்டெதாஸ்கோப்பைக் கணினிப் பெட்டியின் விலாவில் வைத்துக் கேட்டார்
கால்நடை மருத்துவர் சோனுன்பூபூ.
"குடல் முறுக்கிய குதிரைக்கு இப்படித்தான் இருக்கும்.
எத்தனை நாள் தாங்கும்?"
ஹார்ட் டிஸ்க்தானே, நாளைக்கே போகலாம்,
அடுத்த வருடமும் போகலாம் என்றேன்.
"குதிரைக்கு நான் இதைவிடத் துல்லியமாகச் சொல்வேன்."

வெளியே நாரின் நகரம், மைனஸ் இருபத்தெட்டு.
காலை எட்டு மணிக்கு ஆட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள்
தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டு.

புது எஸ்.எஸ்.டி. என் உள்ளங்கையில்.
குலுக்கினால் சத்தமில்லை,
சுழல்வதற்கு உள்ளே எதுவுமில்லை.
நான்கு திருகாணியில் ஒன்று
நிலக்கரி வாளிக்குள் விழுந்து கரியோடு கரியானது.
மூன்று போதும்.

முதல் முயற்சி எழுபத்தொரு சதவீதத்தில் நின்றது.
இரண்டாவதும் எழுபத்தொன்று.
கேபிளை மாற்றினேன்.
பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் மாற்றி
எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு வந்தேன்.
எழுபத்தொன்று.
ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறவன்
காலைப் பார்ப்பதா, கல்லைப் பார்ப்பதா?
கல், என் பென் டிரைவ்.

பக்கத்து டயர்க்கடை எஸென்பெக்கை எழுப்பினோம்.
அவனிடம் ஒன்று இருந்தது.
உள்ளே தங்கையின் கல்யாணம்,
முப்பது ஜி.பி. கல்யாணம்.
என் லேப்டாப்புக்கு அதைக் குடிமாற்ற நாற்பது நிமிடம்.
பச்சைக் கோடு ஊர்ந்து முடியும்வரை உட்காரவேயில்லை அவன்.
"அழிந்தால் மாப்பிள்ளை இன்னொரு தடவை சம்மதிக்க மாட்டான்."

நூறு சதவீதம் ஆனபோது மணி இரண்டே கால்.
உப்புப் போட்ட பால் தேநீர் வந்தது.
பழைய டிஸ்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன்,
சொத்தைப் பல்லை எடுத்துக் காட்டுகிறவன் மாதிரி.
பொத்தானை அழுத்தினேன்.
கறுப்புத் திரை. அதில் ஒரே ஒரு வெள்ளை வரி:
துவக்கச் சாதனம் எதுவும் இல்லை.

"மட்டமான சரக்கு. திருப்பி அனுப்பு" என்றான் எஸென்பெக்.
கடை பிஷ்கேக்கில்.
டோலோன் கணவாயைப் பனி மூடி மூன்று நாள்.
நானும் புதியதைத்தான் திட்டினேன்.
வாயில்லாத ஒன்று பக்கத்தில் இருப்பது
எவ்வளவு சௌகரியம்.

எரிச்சலில் பழையதை மறுபடி மாட்டினால்
புதியது எழுந்து உட்கார்ந்தது.

அப்புறம்தான் பார்த்தேன்.
தட்டுமுட்டுச் சாமான் முழுவதையும்
புது வீட்டில் இறக்கிவிட்டு
சாவியை மட்டும்
பழைய வீட்டுக் கதவில் தொங்கவிட்டு வந்திருக்கிறது விண்டோஸ்.
சாகக் கிடக்கிற டிஸ்கின் ஓர் ஓரத்தில்
நூறு எம்.பி.:
எங்கிருந்து விழிக்க வேண்டும் என்ற குறிப்பு.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிறுவியது நான்.
மன்னிப்புக் கேட்கலாம்தான்,
எந்தப் பக்கம் காது என்று தெரியவில்லை.
பழையதைக் கழற்றினேன்.
புதியதில் இருந்த பிரிவுகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
ஒதுக்கப்படாத வெற்றிடம் என்றது திரை.
சரி, அங்கேயே.

எழுபத்தொன்றில் மூவரும் மூச்சுவிடவில்லை.
எழுபத்திரண்டு
ஒன்றும் நடவாததுபோல் வந்தது.

விடிவதற்கு முன் ஒன்பது வினாடியில் திரை வெளுத்தது.
பழையதை யூ.எஸ்.பி. வழியாகக் கோத்து
ஆட்டுக் கணக்கை இறக்கினோம்.
டக், டக்கென்று முனகிக்கொண்டே
கடைசி ஆடுவரை கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது.
எஸென்பெக் கல்யாணத்தை வாங்கிக்கொண்டு தூங்கப் போனான்.

சோனுன்பூபூ மறுபடி ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார்.
நெடுநேரம் கேட்டார்.
"ஒன்றுமே கேட்கவில்லை."
நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், என்றேன்.
"என் தொழிலில் அதற்கு வேறு அர்த்தம்"
என்றவர் கையை எடுக்கவில்லை.
பெட்டியின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார்,
சூடு இருக்கிறதா என்று.