பெங்களூர் 118

யஷ்வந்தபுரம் லாரி ஆபீசில்
இரவு ஒன்பது முதல் காலை எட்டு வரை என் நாற்காலி.
அதற்கு ஒரு கால் குட்டை;
பழைய சலானை எட்டாக மடித்து அண்டக் கொடுத்திருக்கிறேன்.
அதில் உட்கார்ந்தபடி பதினோரு வருஷமாக
ஒரு சாலையை நடத்திக்கொண்டிருக்கிறேன்.
ஒருநாளும் போனதில்லை.

எனக்கு அது டீசல் ரசீது, டோல் சீட்டு,
இன்ஜின் சத்தத்துக்குள்ளிருந்து வரும் ஆண்குரல்கள்:
நெலமங்கலா தாண்டியாச்சு.
தும்கூரில் தூறல்.
சிராவில் இட்லி, எடைக்கல்.
ஹிரியூரில் பெருஞ்சாலையை விட்டு வலப்பக்கம் ஒடித்தால்
குரல் நின்றுவிடும்.
பிறகு பல்லாரி வரை திரையில் ஒரு நீலப்புள்ளி,
வகிட்டில் பேன் மாதிரி.

பழைய லெட்ஜரில் பெருஞ்சாலைக்கு எண் நாலு.
புதியதில் நாற்பத்தெட்டு.
நாலோடு ஒரு எட்டு வந்து ஒட்டிக்கொண்டதற்காக
வாடகையைக் கூட்டித் தந்த பார்ட்டி ஒருவருமில்லை.

மார்ச் மாத இரவொன்றில், திரும்பி வரும் வழியில்
திப்பேசாமியின் புள்ளி நின்றது.
சள்ளகெரேக்கும் ஹிரியூருக்கும் நடுவே
ஊரே இல்லாத இடத்தில்.
ஐந்து நிமிஷம் என்றால் மூத்திரம்.
இருபது என்றால் டயர்.
நாற்பத்தைந்துக்கு என்னிடம் வார்த்தை இல்லை.
இருந்தது; சொல்லிப் பார்க்கவில்லை.

காலையில் யார்டில் அவனே வந்து ஆரம்பித்தான்,
பாதி கன்னடம், பாதி என் தமிழ்:
"மொதல்ல மாடு போச்சு மேடம் அந்த வழியா.
மைசூர் பட்டாளத்து மாடு, பீரங்கி இழுக்குற ஜாதி.
புல்லு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வளைஞ்சுது ரோடு.
அப்புறம் பஞ்சம். எங்க தாத்தனுக்குத் தாத்தன்
கூடை ஜல்லிக்கு ஒரு பிடி ராகின்னு
தன் வயித்துக்கு ரோடு போட்டான்.
அப்புறம் கடலக்கா. அப்புறம் கப்பல் ஏறப் போற மண்ணு:
செவப்பு லாரி, செவப்பு நாய், செவப்பு இட்லி.
இப்போ புல்லுக்குக் காம்பவுண்டு,
காம்பவுண்டுக்குத் துப்பாக்கி.
ரோடு மட்டும் அகலமாகுது."

அது சரி, நாற்பத்தைந்து நிமிஷம்?

பின்பலகையை இறக்கினான்.
வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்
மாப்பிள்ளை மாதிரி ஒரு கல்.
இடுப்புயரம், உருண்டைத் தலை,
விலாவில் ஜேசிபி பல் பட்ட காயம்.
அகலமாக்கியவர்கள் பிடுங்கிப் பள்ளத்தில் தள்ளியிருந்ததை
அவனும் கிளீனர் நஸ்ருல்லாவும் கடப்பாரை போட்டு ஏற்றியிருக்கிறார்கள்.
எதற்கு என்றால்,
பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க
நல்ல கல் கிடைப்பதில்லையாம்.

வீட்டுச் சாவியால் சுண்ணாம்பைச் சுரண்டினேன்.
கன்னடத்தில் ஊர்ப்பெயர். கீழே 118.
கிலோமீட்டர் வருவதற்கு முந்திய மைல்கள்.

எங்கிருந்து எண்ணியது?
கோட்டை வாசலா, தபாலாபீசா, பேட்டையின் நாற்சந்தியா?
யாரோ ஒருத்தன் வெயிலில் சங்கிலி இழுத்துக்கொண்டு
நூற்றுப் பதினெட்டு முறை உட்கார்ந்து எழுந்திருக்கிறான்;
அவன் முதல் அடி எந்தத் தெருவில்?
நெடுஞ்சாலைத் துறைக்கு ஃபோன் போட்டேன்.
ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார்.
இன்னொருவர் ரிட்டயராகியிருந்தார்.

இப்போது அது எங்கள் யார்டில் சாய்ந்து கிடக்கிறது.
பெங்களூருக்குள் கிடந்தபடி
பெங்களூருக்கு இன்னும் நூற்றுப் பதினெட்டு மைல் என்கிறது.
லோடுமேன்கள் சிரிக்கிறார்கள்.
நான் பிறந்தது ஸ்ரீராமபுரத்தில், இங்கிருந்து நாலு கிலோமீட்டர்.
நவரங் சிக்னலில் பஸ் நிற்கும் அரைமணியில்
பக்கத்து சீட்டுக்காரி தினமும் யாரோ ஒருத்தி
அன்பாகத்தான் கேட்கிறாள்:
நீங்க எந்த ஊரு?

நேற்று ராத்திரி வண்டி எடுக்கும்போது
கல்லை உருட்டிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனான்.
ஹிரியூரில் குரல் நின்றது.
டீயை ஆறவிட்டுப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த இடம் வந்ததும்
கொஞ்சம் மெதுவானது.
நிற்கவில்லை.