சிலிப், சிலைடு

மழை விட்ட மூன்றாம் நாள்
பண்டாரவளையில் என் மேசைக்கு வந்தன
மொழிபெயர்க்க இருபத்திரண்டு வாக்குமூலங்கள்.
எல்லாவற்றிலும் ஒரே சொல்: மண்சரிவு.
ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு.
பழைய படிவத்தில் லேண்ட்சிலிப்,
புதியதில் லேண்ட்சிலைடு.
"ரெண்டும் ஒண்ணுதானே, எதையாவது போடுங்க"
என்றார் தென்னக்கோன், பிளேன்டீயை ஊதியபடி.

ஒன்றுதானா?

சிலிப் என்றால் கால் வழுக்குவது.
கொழுந்துக் கூடையோடு ஓடைக்கல்லில்
ஒரு நொடி; முடிந்துவிடும்.
எழுந்து படங்கை உதறிக்கொள்ளலாம்.
வாய்தவறி வந்த பெயரும் சிலிப்.
சம்பள நாளில் கையில் தரும் துண்டும் சிலிப்,
பிடித்தது போக மிச்சம் கடைசி வரியில்.
சிலிப்பில் குற்றம் காலுக்கு,
இல்லாவிட்டால் பாசிக்கு.
பாசி மேல் யார் வழக்குப் போட்டார்கள்?

சிலைடுக்கு நேரம் வேண்டும்.
பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்தைப் பாருங்கள்:
ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறியாக வேண்டும்,
உச்சியில் உட்கார வேண்டும்,
கைப்பிடியை விட வேண்டும்.
அதுவரை கீழே நிற்பவர்கள்
என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

பதினான்காவது வாக்குமூலம்.
சவரிமுத்து அந்தோனியம்மா, மேற்பிரிவு,
ஏழாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா.
"போன ஐப்பசியில கதவு சாத்த முடியல.
அடியில கொஞ்சம் செதுக்கினோம்.
தையில மறுபடி செதுக்கினோம்.
செவுத்து வெடிப்புல மொதல்ல விரல் போச்சு,
பெறகு சீப்பு சொருகி வச்சோம், வசதியா இருந்துச்சு.
தொரைகிட்ட மூணு தரம் சொன்னோம்.
பாக்குறேன்னாரு."

'சம்பவம் நடந்த நேரம்' என்ற கட்டத்துக்குள்
விடியற்காலை நாலே கால் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.
ஒரு வருடத்தை
அந்தக் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது?

சிலைடு என்று அடித்தேன்.
பிறகு முதல் தாளுக்குத் திரும்பிப் போய்
பதின்மூன்றிலும் சிலிப்பை அழித்தேன்.
தென்னக்கோன் எதையும் வாசிக்கவில்லை,
இருபத்திரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு முன்னால்
அந்தோனியம்மாவின் கடைசிப் பக்கம் பாக்கியிருந்தது.
இழந்த பொருட்கள்:
அரிசி அரை மூட்டை, கேஸ் அடுப்பு ஒன்று,
மாதா படம் ஒன்று, கண்ணாடி போட்டது.
அதற்கும் கீழே, வேறொரு கையெழுத்தில்,
பென்சிலால் அழுத்தி எழுதியது:
சிவப்புச் சிலைடு, தலைக்குக் குத்துறது, ரெண்டு.

அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
நான் அகராதியைத் திறக்கவில்லை.