இருபது நிமிடம்

பாட்டில் முதலில் வந்தது, ஆள் பிறகு.
ஊறுகாய் பாட்டில். மூடியில் ஆணியால் போட்ட துளைகள்.
செத்ததற்கு எதற்குக் காற்று என்று நான் கேட்கவில்லை.
பெரியபட்டினம் ஆஸ்பத்திரி, ராத்திரி பத்தே கால்.
கரிமூட்டத்துக்கு விறகு அடுக்கிய கை.
நம்புவேல், வயது நாற்பத்தொன்று.
சுண்டுவிரல் மட்டும் வேறு யாருடையதோ போல.

"கண்ணாடி விரியன்தான்," என்றார் மச்சான் சீனிமுத்து.
"வட்டம் வட்டமா இருந்துச்சு. நானே அடிச்சேன்."
அடித்த அடியில்
தலை மண்ணோடு போயிருந்தது.

நான் ஆய்வக ஆள். ரத்தம், சர்க்கரை, சிறுநீர்.
பாம்பு என் வேலையில் சேராது.
ஆனால் எட்டு வருடம் இந்தக் கரையில் இருந்துவிட்டால்
சனம் பையோடு தேடி வரும்.
முத்துப்பேட்டை ஜெரோன் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தது வலக்கடியன்.
வால் துடுப்பு மாதிரித் தட்டை,
அதற்கு மேல் பார்க்க ஒன்றும் வேண்டாம்.
பள்ளிக்கூட வாட்ச்மேன் உரச்சாக்கில் கட்டியெடுத்து
"கட்டுவிரியன்" என்று நடுங்கியதற்கு
கழுத்திலேயே பட்டை ஆரம்பித்திருந்தது.
கட்டுவிரியன் அப்படி அவசரப்படாது,
கொஞ்ச தூரம் கறுப்பாகவே வந்து பிறகுதான் வெள்ளையைத் தொடும்.
இது வெறும் ஓநாய்ப்பாம்பு. பல்லி தின்று பிழைக்கிற ஏழை.

பாட்டிலை டிரேயில் கவிழ்த்தேன்.
வட்டமில்லை,
டீ சிந்திய காகிதம் போலத் திட்டுத்திட்டாக, ஒழுங்கில்லாமல்.
வால் மொண்ணை.
புரட்டினேன். விரியனுக்கு
வயிற்றின் அகலம் முழுக்கக் குறுக்கே செதில் ஓடும், ஓடு வேய்ந்தது போல.
இதற்கு நடுவில் ஒரு நாடா அளவுதான்.

மண்ணுளி.
மணலுக்குள் படுத்து எலிக்குக் காத்திருந்தது.

சீனிமுத்து என் வாயையே பார்க்கிறார்.
விஷமில்லை, வீட்டுக்குப் போங்க
என்று சொல்லிவிடலாம்.
ஆனால் அந்த விரல். இப்போது உள்ளங்கையும்.

புதுக் கண்ணாடிக் குழாய், இரண்டு மில்லி ரத்தம்.
ஆட்டக்கூடாது, தொடக்கூடாது, இருபது நிமிடம்.
மேசை மேல் நிற்க வைத்துவிட்டு
நம்புவேலிடம் கேட்டேன்:
அடுக்கும்போது எதுவும் சத்தம் கேட்டுச்சா?

"மீன் பொரிக்கிற மாதிரி சார்.
பக்கத்து வீட்ல பொரிக்கிறாகண்டு நினைச்சேன்."

கருவேலங்காட்டுக்குள்
ஏது பக்கத்து வீடு.

பத்து நாற்பத்திரண்டு. குழாயைச் சாய்த்தேன்.
உறைந்திருக்க வேண்டியது
தண்ணீர் போல விளிம்புக்கு வந்தது.
டாக்டர் ரிஸ்வானா ஏற்கெனவே குளிர்பெட்டியைத் திறந்திருந்தார்.
மருந்து பேர் கேட்பதில்லை,
நல்லது, கட்டு, கண்ணாடி, சுருட்டை
நாலுக்கும் சேர்த்து ஒரே குப்பி.

பிறகு எதற்கு இந்தப் பேர் என்கிறீர்களா?
சீனிமுத்துவின் போன் அடித்தது.
பஞ்சவர்ணம், நம்புவேலின் சம்சாரம்.
ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது:
"அதான் பாம்ப அடிச்சாச்சே.
காலைல அஞ்சு மணிக்கு லாரி வருது,
மிச்ச விறக நானே அடுக்கிர்றேன்."

போனைப் பிடுங்கி
விறகைத் தொடாதே என்று கத்தினேன்.
டார்ச் அடித்துத் தள்ளி நில்,
உப்புக்கல் வாணலியில் விழுந்த சத்தம் வந்தால் அதுதான்,
கையகலம் சுருண்டு,
உரசிக்கொண்டே இருக்கும், நகராது.
அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சு மட்டும்.

பதிவேட்டில் எழுதினேன்:
கொண்டுவந்த பாம்பு, மண்ணுளி.
கடித்த பாம்பு
இன்னும் வரவில்லை.