ஒன்பதரை மணிப் பேய்

வியாழன், வெள்ளி, சனி
இரவு ஒன்பதரைக்கு நான் பேய்.
மற்ற நேரத்தில் ஸ்ட்ருவன் மெல்டிரம்,
ஹேடாக் மீனைப் புகையில் தொங்கவிடும் கூடத்தில்
காலை ஷிஃப்ட்.
பேய்க்குச் சம்பளம் தலைக்கு அறுபது பென்ஸ்.
வருகிறவர்கள் தலைக்கு.

பிட்கார்வியின் பழைய சிறைக்குப் பின்னால்
ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து,
அதன் முடிவில் கம்பிக் கதவு,
கதவுக்கு இந்தப் பக்கம் நான், என் ஃபிளாஸ்க்,
முகத்தில் மைதா, தோளில் மேசைவிரிப்பு.
வடகடல் காற்று வந்துவிட்டால்
என்னைவிட விரிப்பு நன்றாக நடிக்கும்.

மூன்று தெரு தள்ளியே ரோனாவின் குரல் கேட்கும்.
எந்த வரியில் இருமுவாள் என்பதுவரை மனப்பாடம்.
மீன்சந்தையில் தலையில்லா மாலுமி:
போன மார்ச்சில் அவள் செய்த பேய் அது,
அந்தப் பக்கம் சொல்ல வேறொன்றும் இல்லாததால்.
தேவாலயப் படியில் அழுகிற மணமகளும்
அப்படித்தான். இப்போது பேக்கரிக்காரர்
அவளை நேரில் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்.

கிரிஸல் லேங்கை மட்டும்
யாரும் செய்யவில்லை.

ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது.
பக்கத்து வீட்டுப் பசு பால் மறுத்தது.
அதைப் பார்த்து கிரிஸல் 'பாவம்' என்றாளாம்.
அவ்வளவுதான் வழக்கு.

அடிக்கவில்லை, என்கிறாள் ரோனா.
எலும்பு எதையும் முறிக்கவில்லை.
தூங்கவிடவில்லை.
இரண்டிரண்டு பேராக முறைவைத்துக் காவல்,
இமை சாய்ந்தால் ஊசி,
தலை சாய்ந்தால் வாளித் தண்ணீர்.
நான்கு இரவு கொட்டக் கொட்ட விழித்தவள்
ஐந்தாம் இரவு சொன்னாள்:
ஆமாம், பறந்தேன்.
ஆமாம், கடலைக் கலக்கினேன்.
என்ன வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் இருமல் வரும்.
பிறகு ஒரு தாளை லாந்தரடியில் பிடித்து
நகரசபைக் கணக்கை வாசிப்பாள்:
தார்ப் பீப்பாய் இரண்டு. நிலக்கரி பத்துச் சுமை. கயிறு.
காவலர்க்கு மெழுகுவத்தி, பீர்.
அவளுடைய பண்டம் பாத்திரத்தை விற்று
எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். மீதி
நான்கு ஷில்லிங், புருஷன் கையில்.
ரசீது இருக்கிறது.

யாராவது ஒருவர் கேட்பார்:
"இன்னும் வருகிறாளா?"
அதுதான் எனக்குச் சைகை.
கதவை உதைத்துக்கொண்டு அலறுவேன்.
அலறுவார்கள், பிறகு சிரிப்பார்கள்.
ஒருமுறை ஒரு பல்வைத்தியர் என்னை அறைந்தார்.

நேற்று தூறல். பதினோரு பேர்.
கடைசியில் ஒரு அப்பா, அவர் தோளில்
மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்குழந்தை.
நிலக்கரிக்கும் கயிற்றுக்கும் நடுவே
அதன் வாய் மெல்லத் திறந்தது,
எச்சில் அவர் காலரில் இறங்கியது.

"இன்னும் வருகிறாளா?"

ரோனா குழந்தையைப் பார்த்தாள்.
கம்பி வழியே என்னைப் பார்த்தாள்.
லாந்தரைத் தாழ்த்தினாள்.
அப்படியொரு சைகை எங்களுக்குள் கிடையாது.

கீச்சிட வேண்டும் என்றே
எண்ணெய் காட்டாமல் வைத்திருக்கும் கீல்.
இரண்டு கையாலும் கதவைத் தூக்கிப் பிடித்து
பாரத்தை நான் வாங்கிக்கொண்டு
விரல் விரலாகத் திறந்தேன்.

ஒவ்வொருவராக, நுனிக்காலில்,
மைதா வழியும் என் முகத்தைக் கடந்து போனார்கள்.
ஒரு அம்மாள் உதட்டை மட்டும் அசைத்து
நன்றி சொன்னாள்.
அப்பா வந்தபோது விரிப்பின் ஒரு முனையைத்
தூறலுக்குக் குறுக்கே பிடித்தேன்.
குழந்தை ஒரு பூட்ஸை என் கைமீது வைத்துவிட்டு
மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

சதுக்கம்வரை யாரும் பேசவில்லை.
கோட்டுக் கையை வாயில் அழுத்தி
இருமலை அடக்கிக்கொண்டே
முன்னால் நடந்தாள் ரோனா.