ஒரு துளி போதும்

என் தலையில் முடி இல்லை.
இருபத்தாறில் உதிர ஆரம்பித்தது,
முப்பதில் சீப்பை விற்றிருக்கலாம்,
யார் வாங்குவார்கள் என்று குளியலறையிலேயே விட்டுவிட்டேன்.

ஆனாலும் இந்த நாட்டில்
ஷாம்பு என்றால் என் குரல்தான்.

தொண்ணூற்றிரண்டு, பிப்ரவரி,
வூட்ச் நகரத்தில் ஹீட்டர் வேலை செய்யாத ஒலிப்பதிவு அறை.
நாடா ஜெர்மனியிலிருந்து வந்திருந்தது.
ஒருத்தி தலையைத் திருப்புகிறாள்,
கூந்தல் அவளுக்குப் பின்னால் தாமதமாக வந்துசேர்கிறது
எங்கள் ஊர் டிராம் மாதிரி.
அவள் ஏதோ சொல்கிறாள்.
அதன்மேல் நான் போலிஷில் பேச வேண்டும்.
இங்கே அப்படித்தான்:
கொலைகாரனுக்கும் ராணிக்கும் பிரசவ வலியில் துடிப்பவளுக்கும்
ஒரே ஆண்குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல்,
மளிகைக் கணக்கு வாசிப்பதுபோல.

"ஒரு துளி போதும்.
மீதியை உங்கள் கூந்தல் பேசும்."

மூன்றாவது முறை தும்மல் வந்தது.
ஐந்தாவதை எடுத்துக்கொண்டார்கள்.
கொடுத்த பணத்தில் ஒரு ஜோடி பனிக்காலணி வாங்கினேன்.

கோடைக்குள் வெளியே வாய் திறக்க முடியாமல் போயிற்று.
கறுப்பு ரொட்டி ஒன்று என்றேன்,
வரிசை முழுவதும் திரும்பியது.
கடைக்காரி ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தாள்,
அதைச் சொன்னால்தான் தருவாளாம்.
சொன்னேன்.
டிராமில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப்போலப் பேசினார்கள்.
பல் மருத்துவர் ஊசியைத் தூக்கிப் பிடித்து
"ஒரு துளி போதும்" என்றார்,
தானே சிரித்தும் கொண்டார்.

அக்கா செனோபியா மட்டும் மசியவில்லை.
முப்பத்தொரு வருடம் பஞ்சாலையில்,
அத்தனை கூந்தலையும் தலைத்துணிக்குள் அள்ளிச் செருகி.
தறியில் சிக்கினால் தலையோடு போகும்.
ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்துவிட்டால்
நாற்காலிக் காலைத் தொடும்.
முட்டை மஞ்சள்கரு, காஞ்சொறிக் கஷாயம்,
அவ்வளவுதான் அவள் வைத்தியம்.
விளம்பரம் முடிந்த கையோடு போன் அடிப்பாள்:
"அழகாகப் பொய் சொல்கிறாய்.
உனக்கென்ன தெரியும் முடியைப் பற்றி?"
வைத்துவிடுவாள்.
ஒவ்வொரு இரவும், செய்திக்கும் வானிலைக்கும் நடுவில்.

நவம்பரில் அவளைப் புதைத்தோம்.
பாதிரியார் தீர்த்தக் கோலை என்னிடம் நீட்டினார்.
விரல் விறைத்திருந்தது. எவ்வளவு உதறியும்
ஒன்றே ஒன்றுதான் விழுந்தது பெட்டியின்மேல்.
அந்த அமைதியில்
பக்கத்து வீட்டு காஸ்பெர்,
ஐந்து வயது, கம்பளித் தொப்பி கண்வரைக்கும்,
என் குரலில், என்னைவிடத் திருத்தமாக:
"ஒரு துளி போதும்."

அவன் அம்மா வாயைப் பொத்தினாள்.
அத்தான் ப்ரோனிஸ்லாவ் அப்படியே குனிந்தார்,
தோள் குலுங்கியது.
அழுகிறார் என்றுதான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.
சிரித்துக்கொண்டிருந்தார்.
"மீதியை," என்றார் மூச்சு வாங்க, "மீதியைச் சொல்லேன்."
எனக்கு வரவில்லை.
ஆலைப் பெண்கள் நின்ற வரிசையில்
ஒரு தலைத்துணி ஆடியது, அடுத்தது ஆடியது.
பாதிரியார் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
வெகுநேரம், பக்கம் புரட்டாமல்.

அன்று இரவும் அது வந்தது.
ஒலியை முழுதாகக் குறைத்தேன்.
என் குரல் இல்லாமல் அவளைப் பார்த்ததே இல்லை.
திருப்புகிறாள். கூந்தல் வந்துசேர்கிறது.
காதுக்குக் கீழே கொக்கிபோல ஒரு பழைய தழும்பு.
கண் காமிராவில் இல்லை, அதற்கும் அப்பால்,
கடிகாரத்தைப் பார்க்கிறாளோ,
காபி வருகிறதா என்று பார்க்கிறாளோ.
உதடு அசைகிறது.
என்ன சொல்கிறாள் என்று
அன்றே யாரையாவது கேட்டிருக்கலாம்.

வானிலை: கிழக்கே பனி, மைனஸ் நான்கு.
போன் அடித்தது.
தவறான எண். யாரோ பெண்.
என் ஹலோவைக் கேட்டு ஒரு நொடி தயங்கி,
"அந்த ஷாம்பு நீங்கள்தானே?" என்றாள்.

ஆமாம் என்றேன்.